பதினாறுக்கு எதிரே பத்து

இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர்களுடைய சளியையும் மலத்தையும் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் அவள். ஆஸ்பத்திரி லேப்பில் புதிதாகச் சேருகிறவர்கள் முதல் வாரம் மதியச் சாப்பாட்டை மூடி திறக்காமலே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போவார்கள். அவள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. உடம்பு தன் வேலையைச் செய்கிறது, அதில் அசிங்கப்பட என்ன இருக்கிறது என்று கேட்பாள். அப்படிப்பட்டவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, தம்பி கொண்டுவந்த ஒரு சீட்டுக்கட்டைத் தொட்டபோது.

ஓரமெல்லாம் கறுத்துப்போன கட்டு. ஒரு சீட்டை எடுத்தால் அடுத்தது ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. புகையிலையும் வேர்வையும் கலந்த வாடை. சாப்பாட்டு மேஜையில் அதை வைக்காதே என்று சொல்லி, பழைய செய்தித்தாளை விரித்து, லேப்பிலிருந்து கொண்டுவந்த கையுறையை மாட்டிக்கொண்ட பிறகுதான் தொட்டாள். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

அவன் ஏசி மெக்கானிக். ஊரிலேயே பெரிய ஹோட்டலில் சூதாட்டக்கூடத்துக்கு ஃபில்டர் கழுவப் போனவன், ஏணி மேல் நின்றபடி கீழே நடக்கிற ஆட்டத்தைப் பார்த்திருக்கிறான். மேலேயிருந்து பார்த்தால் எல்லார் கையும் தெரியும், யார் முட்டாள்தனமாக ஆடுகிறார்கள் என்பதும் தெரியும் என்பான். அவர்களைவிட நான் புத்திசாலி என்று ஏணியிலிருந்து இறங்கியவன்தான். ஒன்றரை வருடத்தில் பைக் போயிற்று. நிச்சயம் செய்திருந்த கல்யாணமும் போயிற்று. அம்மா அப்பா இல்லாத வீட்டில் கேட்க ஆளில்லை என்று அக்காதான் கேட்டாள். கேட்டாள் என்ன கேட்டாள், வாய் வலிக்கத் திட்டினாள். அவள் கணவர் கப்பலில் சமையல்காரர், ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் வீடு. போனில் அவரிடம் சொன்னால், தண்ணியில கிடக்கிற நான் உன் தம்பியைக் கரையேத்தவா என்று சிரித்துவிட்டு வைத்துவிடுவார்.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி அந்தக் கட்டோடும் மடித்த காகிதம் ஒன்றோடும் வந்தான். இனிமேல் குருட்டாம்போக்கில் ஆடமாட்டேன், வகுப்புக்குப் போகிறேன் என்றான்.

"இது சூதாட்டம் இல்லக்கா, கணக்கு. எந்தச் சீட்டுக்கு என்ன பண்ணணும்னு கம்ப்யூட்டர் வச்சுக் கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க. அதை மனப்பாடம் பண்ணிட்டா போதும். எனக்கு வீட்டுல சீட்டுப் போட ஆள் வேணும்."

அவள் சம்மதித்ததற்குக் காரணம் ஒன்றுதான். தன் வீட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கிற நேரத்தில் அவன் ஹோட்டலில் இருக்க முடியாது.

ஆட்டம் எளிது. கையிலிருக்கிற சீட்டுகளின் கூட்டுத்தொகை டீலருடையதைவிட இருபத்தொன்றை நெருங்க வேண்டும், தாண்டக்கூடாது; தாண்டினால் கை வெடித்தது, பந்தயம் போச்சு. ராஜா, ராணி, ஜாக்கிக்கு மதிப்பு பத்து. ஏஸுக்கு ஒன்று அல்லது பதினொன்று, வசதிப்படி. சீட்டுப் போடுகிற டீலருக்கு இரண்டு சீட்டு, ஒன்று திறந்திருக்கும், ஒன்று கவிழ்ந்திருக்கும்; பதினேழு ஆகும்வரை அவர் எடுத்தே ஆக வேண்டும். திறந்திருக்கிற அந்த ஒன்றைப் பார்த்துத்தான் நாம் இன்னொரு சீட்டுக் கேட்பதா, அப்படியே நிற்பதா, பந்தயத்தை இரட்டிப்பதா, ஜோடியாக வந்த சீட்டைப் பிரித்து இரண்டு கையாக ஆடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். எல்லா முடிவுகளும் ஒரு அட்டவணையில் அடங்கிவிடும். மேலே டீலரின் சீட்டு, பக்கவாட்டில் நம் கை. இரண்டும் சந்திக்கிற கட்டத்தில் பதில்.

தம்பி கொண்டுவந்த அட்டவணை மங்கலான ஜெராக்ஸ். பாதிக் கட்டங்களில் எழுத்து அழிந்திருந்தது, இரண்டு இடத்தில் தவறாகவும் இருந்தது. இவளுக்கு அது பொறுக்கவில்லை. போனில் தேடிச் சரிபார்த்து, கோடு போட்ட லேப் தாளில் ஸ்கேல் வைத்துப் புதிதாக எழுதினாள். கேள் என்பதற்குக் 'கே', நில் என்பதற்கு 'நி', இரட்டி என்பதற்கு 'இ', பிரி என்பதற்குப் 'பி'. அடியில் அவனுக்காகவே நாலு வரி: 'எட்டு ஜோடியை எப்போதும் பிரி. பத்து ஜோடியை ஒருபோதும் பிரிக்காதே. இன்சூரன்ஸ் என்கிற பக்கப் பந்தயம் வேணுமா என்று டீலர் கேட்டால் வாயே திறக்காதே. கோபம் வந்தால் எழுந்து போ.'

மூன்று வாரத்தில் அவளுக்குத் தலைகீழாகப் பாடமாயிற்று. அவன் தடுமாறிக்கொண்டே இருந்தான். பன்னிரண்டு வைத்துக்கொண்டு டீலரிடம் நாலு இருக்கும்போது இன்னொரு சீட்டுக் கேட்பான். அங்கே டீலர் வெடிக்கட்டும், நீ எதுக்குடா முந்திக்கிறே என்று கையுறையோடு அவன் மணிக்கட்டில் அடிப்பாள். அவனுக்குப் பிடிபடாமலே இருந்தது பதினாறுக்கு எதிரே பத்து. நம்மிடம் பதினாறு, டீலரிடம் பத்து. நின்றாலும் பெரும்பாலும் தோல்வி, கேட்டாலும் பெரும்பாலும் தோல்வி. அட்டவணை கேள் என்கிறது, கேட்டால் கொஞ்சம் குறைவாகத் தோற்போம் என்பதால்.

அந்தக் கட்டம்தான் அவளை யோசிக்க வைத்தது. தேடிப் படித்தாள். ஒரு பிழையும் இல்லாமல் ஆடினாலும் நூறு ரூபாய்க்கு அரை ரூபாய் ஆட்டம் நடத்துகிறவன் பக்கமே சாய்கிறது.

"இது ஜெயிக்கிறதுக்கான பாடம் இல்லடா. மெதுவாத் தோக்கிறதுக்கான பாடம்" என்றாள்.

தம்பி அதை மறுக்கவில்லை. சீட்டைக் கலைத்தபடி, மாஸ்டர் உன்னைப் பார்க்கணும்னு சொல்றார், சனிக்கிழமை வகுப்புக்கு வா என்றான். அவரைப் பார்த்து நாலு கேள்வி கேட்டால் தம்பியின் மயக்கம் தெளியலாம் என்று நினைத்துப் போனாள்.

டயர் கடைக்கு மேலே இருந்தது வகுப்பு. வெளிப்பக்கமாக இரும்புப் படி. ஏறும்போதே ரப்பர் வாடை தொண்டையில் வந்து உட்கார்ந்தது. உள்ளே ஜன்னல்களைப் பச்சைத் துணியால் மறைத்து, மத்தியானம் மூன்று மணிக்கு ட்யூப்லைட் போட்டிருந்தார்கள். நடுவில் நீள மேஜை. அதன் மேல் பில்லியர்ட்ஸ் துணி மாதிரி ஏதோ ஒன்று, அதில் டீ கொட்டின வட்டங்கள். சுற்றிலும் ஒன்பது பேர்.

மாஸ்டர் முன்பு ஏதோ கேசினோவில் டீலராக இருந்தவராம். அறுபது வயதுக்கு மிஞ்சிய கறுப்பில் சாயமடித்த முடி. மடியில் ஒரு டப்பா, அதில் அவித்த முட்டைகள். பேசிக்கொண்டே உரிப்பார், பேசிக்கொண்டே தின்பார், மஞ்சள் கரு ஒட்டின விரலை நாக்கில் துடைத்துவிட்டு அதே விரலால் சீட்டுப் போடுவார். அந்தச் சீட்டை எதிரே உட்கார்ந்திருந்த மருந்துக்கடைக்காரம்மா பயபக்தியோடு எடுத்துப் பார்த்தாள். இவள் கையைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை.

அப்போதுதான் அந்தத் தாளைப் பார்த்தாள். ஒன்பது பேர் முன்னாலும் ஒவ்வொரு ஜெராக்ஸ், பிளாஸ்டிக் உறை போட்டது. கே, நி, இ, பி. அவள் எழுத்து. அடியில் 'கோபம் வந்தால் எழுந்து போ' என்பதுவரை அப்படியே இருந்தது. முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பஸ் டிரைவர் ஒருவர், உடுப்பைக்கூட மாற்றாமல் வந்தவர், அந்த வரிகளின் மேல் விரல் வைத்துக் குழந்தை மாதிரி படித்துக்கொண்டிருந்தார். நம் கையெழுத்து எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று ஒரு நிமிடம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிற்பாடு நினைக்க நினைக்க அவளுக்குக் கூசியது அந்த ஒரு நிமிடம்தான்.

பாடம் அரை மணி நேரம். மாஸ்டர் சொல்லிக்கொடுத்ததில் தப்பு ஒன்றும் இல்லை. முடிந்ததும், வாங்க பழகலாம் என்று மேஜையைத் துடைத்தார். பழகுகிற ஆட்டத்துக்கும் காசு வைக்க வேண்டும், காசு வைக்காவிட்டால் மனசு பதியாது என்றார். ஆறு கட்டுச் சீட்டைக் கலைத்து ஒரு பெட்டிக்குள் வைத்து, ஒவ்வொன்றாக உருவிப் போட ஆரம்பித்தார். தம்பி அவருக்குப் பக்கத்தில் நின்று காசை வாங்கிக்கொண்டு பந்தய வில்லைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

எல்லாரும் அட்டவணைப்படியே ஆடினார்கள். எல்லாரும் தோற்றார்கள். டிரைவர் பதினொன்றுக்கு இரட்டித்தார், சரியான முடிவு, மூன்று வந்தது. மருந்துக்கடைக்காரம்மா பதின்மூன்றில் நின்றாள், அதுவும் சரிதான். ஆறைக் காட்டிக்கொண்டிருந்த டீலர் வெடிக்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்னச் சீட்டாக எடுத்து இருபதில் போய் நின்றார். மறுபடியும் அதே மாதிரி. மறுபடியும்.

ரத்த அணுக்களை வகை வகையாக எண்ணுவது அவள் தொழில். கண் ஒரு பக்கம் பார்க்கும், விரல் ஒரு பக்கம் தட்டும், மனசு வேறெங்கோ இருக்கும், எண்ணிக்கை மட்டும் தவறாது. யாரும் சொல்லாமலே எண்ண ஆரம்பித்திருந்தாள். மொத்தம் ஒரு கணக்கு, பத்து மதிப்புச் சீட்டுகள் ஒரு கணக்கு. இருநூறு சீட்டு விழுந்தபோது பத்துகள் நாற்பத்தாறு. குறைந்தது அறுபது வந்திருக்க வேண்டும். சரி, அதிர்ஷ்டம் அப்படி என்று விட்டுவிட்டாள். பெட்டியை மறுபடி கலைத்துப் போட்டார்கள். இந்த முறை இருநூறுக்கு நாற்பத்தைந்து.

ஒரு பேஷன்டுக்கு இரண்டு முறை எடுத்த ரத்தத்திலும் இப்படி வந்தால் அவள் டாக்டருக்குப் போன் செய்வாள். இங்கே யாருக்குச் சொல்வது? தம்பிக்குக் கண் காட்டி வெளியே கூப்பிட்டாள். இரும்புப் படியில் நின்று குரலைத் தாழ்த்தி, பெட்டியிலிருந்து பத்துகளை உருவி எடுத்திருக்கிறார்கள், இவர்கள் எப்படி ஆடினாலும் தோற்கத்தான் செய்வார்கள், உன்னையும் இப்படித்தான் உறிஞ்சியிருக்கிறார்கள், வா போகலாம் என்றாள்.

தம்பி கீழே டயர்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"இருபத்தெட்டு சீட்டு எடுத்திருக்கு. நான்தான் போன மாசத்துலேர்ந்து எடுக்கிறேன்."

அவனாகவே சொல்லிக்கொண்டு போனான். இரண்டாவது மேஜை ஒன்று போடப் போகிறார்கள், அது அவனுக்கு. பாடம் நடத்த ஆள் தெளிவாகக் கற்றிருக்க வேண்டும் என்று மாஸ்டர் சொன்னார், அதற்குத்தான் வீட்டுக்கு வந்தது. அந்தத் தாள் வந்த பிறகு சேர்கிறவர்கள் கூட்டம் இரண்டு மடங்கு.

"நீ இல்லாட்டி எனக்கு இது வந்தே இருக்காதுக்கா. இப்பல்லாம் நான் ஆடுறதே இல்ல. நீ சொன்ன மாதிரி விட்டுட்டேன்" என்றான். நன்றியோடுதான் சொன்னான். கண்கூட லேசாகக் கலங்கியிருந்தது.

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திருட்டு முழி முழித்திருந்தால், காலில் விழுந்திருந்தால், எதிர்த்துக் கத்தியிருந்தால்கூட ஏதாவது செய்திருப்பாள். பத்தாம் வகுப்பில் பாஸானதைச் சொல்ல ஓடிவந்தபோது எந்த முகத்தோடு நின்றானோ அதே முகத்தோடு நின்றான். ஒரு கையைத் தூக்கி அவள் தோளைத் தொட வந்தான். விரல்களில் மேஜைத் துணியின் பச்சை நூல் ஒட்டியிருந்தது. அவள் ஒரு படி கீழே இறங்கிக்கொண்டாள்.

பிறகு மேலேறி உள்ளே போனாள்.

ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அவள் மேஜை ஓரத்தில் நின்று, பாடம் சொல்வது போலவே சொன்னாள். பெட்டியில் ஆறு கட்டு என்கிறார்கள், முந்நூற்றுப் பன்னிரண்டு சீட்டு இருக்க வேண்டும், இதில் இருபத்தெட்டு குறைகிறது, எல்லாம் பத்து மதிப்பு, சந்தேகமிருந்தால் இப்போதே கொட்டி எண்ணிப் பார்க்கலாம். தான் எழுதிய அட்டவணை முழுக் கட்டுக்கு எழுதியது, இந்தப் பெட்டிக்கு அது உதவாது என்றாள்.

மாஸ்டர் முட்டையைக் கீழே வைத்தார். மறுப்பார், அடிக்க வருவார் என்று எதிர்பார்த்தாள். அவர் சிரித்தார். பல் இடுக்கில் மஞ்சள்.

"ஆமா, எடுத்திருக்கேன். கடுமையான பயிற்சிம்மா இது. கால்ல மணல் மூட்டை கட்டிக்கிட்டு ஓடிப் பழகுறவன், மூட்டையை அவுத்தா எப்படி ஓடுவான்? இந்தப் பெட்டியில தாக்குப்பிடிச்சவன் ஹோட்டல்ல பறப்பான்."

அதைவிட அசிங்கமான பொய்யை அவள் கேட்டதில்லை. ஆனால் மேஜையைச் சுற்றியிருந்த முகங்கள் ஒவ்வொன்றாக இளகின. தபால் ஆபீஸில் ரிட்டயரான ஒருவர், அதானே என்று தலையாட்டினார். டிரைவர் மட்டும் அவளையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். மருந்துக்கடைக்காரம்மா எரிச்சலோடு திரும்பினாள்.

"நீங்க உக்காருங்கம்மா. எனக்கு இப்பதான் ரெண்டு ஏஸ் வந்திருக்கு. பிரிக்கணுமில்ல?"

"என் தாளைக் குடுங்க" என்று கை நீட்டினாள் அவள்.

"காசு குடுத்து வாங்கினது" என்று அந்த அம்மாள் தாளை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

அன்று வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. மேஜையை டெட்டால் போட்டு மூன்று முறை துடைத்தாள். கட்டைக் குப்பையில் போட்டு, குப்பையை அப்போதே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தாள். தம்பி போன் செய்தான். எடுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு டயர் கடை வாசலில் போய் நின்றாள். மூன்று மணி வகுப்புக்கு வருகிறவர்களை ஒவ்வொருவராக நிறுத்திச் சொன்னாள். போலீஸுக்குச் சொல்லலாமே என்றார் டயர் கடைக்காரர். சொல்லலாம்தான். ஆனால் பெட்டியிலிருந்து சீட்டை உருவுகிற கை யாருடையது என்று அவளுக்குத் தெரியும், அதனால் போகவில்லை. அந்த நேர்மைக்குறைவுக்காகத் தன் மேலேயே அவளுக்கு அருவருப்பு இருந்தது. அதை ஈடுகட்டத்தான் வெயிலில் நின்றாள் என்றும் சொல்லலாம்.

புதிதாக வந்த இரண்டு பேர் திரும்பிப் போனார்கள். பழையவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு படியேறினார்கள். மருந்துக்கடைக்காரம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு போனாள், ரப்பர் வாடைக்கா இவளுக்கா என்று தெரியவில்லை. டிரைவர் நின்று முழுவதும் கேட்டார். பிறகு வந்த வழியே போய்விட்டார். தம்பி பாதிப் படி இறங்கி வந்து, ஏன்க்கா எம் பொழப்புல மண்ணைப் போடுறே என்று கேட்டான். உன்னை இடுப்புல தூக்கி வளர்த்த பாவத்துக்கு என்றாள். அவன் மேலே போய்விட்டான். அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஐந்து சனிக்கிழமை நின்றாள். ஆறாவது வாரம் படிக்குப் பூட்டுப் போட்டிருந்தது. புது ஆட்கள் வரத்துக் குறைந்ததும் மாஸ்டர் வகுப்பை வேறு பேட்டைக்கு மாற்றிவிட்டார் என்றும், வாடகை பாக்கி என்றும் கடைக்காரர் சொன்னார். தம்பியும் கூடவே போனான். அங்கே அவனைச் சின்ன மாஸ்டர் என்று கூப்பிடுகிறார்களாம். கணவர் லீவில் வந்தபோது இதையெல்லாம் கேட்டுவிட்டு முதல் முறையாகச் சிரிக்கவில்லை. நீ செஞ்சது சரி என்றார். சரிதான், ஆனால் வாயில் ருசி திரும்பவில்லை என்றாள் அவள்.

நாலைந்து மாதம் கழிந்திருக்கும். காலை ஷிஃப்டுக்குப் போகப் பஸ் ஏறினாள். முன் சீட்டில் உட்கார்ந்ததும், கண்ணாடி வழியாக டிரைவர் அவளைப் பார்த்து முகம் மலர்ந்தார். அந்த டிரைவர்தான். சிக்னலில் வண்டி நின்றபோது திரும்பிக் கும்பிட்டார்.

"மேடம், நீங்க அன்னைக்கு வாசல்ல நிறுத்திச் சொன்னீங்களே, அந்த நன்றியை மறக்கவே மாட்டேன். அந்தத் திருட்டுப் பசங்க பக்கம் அப்புறம் தலைவச்சுக்கூடப் படுக்கல."

அவளுக்கு நெஞ்சு லேசாயிற்று. இத்தனை வெயிலுக்கும் ஒருவராவது மிஞ்சினாரே என்றிருந்தது.

"நேரா ஹோட்டலுக்கே போயிடுறேன். அங்க பெட்டி சுத்தம் மேடம், நானே எண்ணிப் பாத்துட்டேன், நீங்க எண்ணின மாதிரியே" என்று சொல்லி, தலைக்கு மேலே இருந்த வெயில் மறைப்பைக் கீழே இறக்கினார். உள்பக்கத்தில் அந்தத் தாள், லேமினேட் செய்து, நாலு மூலையும் டேப் போட்டு ஒட்டியிருந்தது. பக்கத்தில் அவர் பெண்பிள்ளையின் பள்ளிக்கூடப் போட்டோ. "சிக்னல்ல நிக்கும்போதெல்லாம் ஒரு வரி பாப்பேன். எல்லாம் மனப்பாடம்."

ஜெயிக்கிறீர்களா என்று கேட்டாள். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டாள்.

"எங்க மேடம்? போய்க்கிட்டுத்தான் இருக்கு. ஆனா முன்ன மாதிரி மடமடன்னு போகல. மெதுவாப் போகுது" என்றார் பெருமையாக. பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். கியரைப் போட்டபடி, ஒரு சந்தேகம் மேடம், ஏஸும் ஏழும் வந்து டீலர்கிட்ட ஒம்பது இருந்தா நிக்கணுமா கேக்கணுமா, அந்த ஒரு கட்டம் மட்டும் ஜெராக்ஸ்ல மங்கிடுச்சு என்றார்.

"கேக்கணும்" என்றது அவள் வாய்.

ஆஸ்பத்திரிக்கு இன்னும் மூன்று நிறுத்தம் இருந்தது. அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள். பஸ் புறப்படும்போது அவர் ஹாரனை இரண்டு தரம் செல்லமாக அழுத்தி விடைபெற்றார். அவள் ஓரமாக நின்று, கைக்குட்டையால் வாயை அழுத்தித் துடைத்துக்கொண்டு, நடக்க ஆரம்பித்தாள். அதற்கப்புறம் அவள் அந்த வழிப் பஸ்ஸில் ஏறுவதில்லை. சுற்றுவழியில் போகிற வேறு பஸ்ஸில் போகிறாள், கால் மணி நேரம் கூடுதலாகிறது.